லிட்டருக்கு இருபத்திரண்டு

வெள்ளரிமடை சமையல் கோஷ்டியை முட்டாள்கள் என்று பலபேர் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். அவர்கள் வைக்கும் அவியல் எனக்குப் பிடிக்கும். தவிர, இப்படியெல்லாம் பேசித் திரிந்தால் அடுத்த கல்யாணத்தில் என் இலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு கோளாறுதான். சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

கோஷ்டியில் நாலு பேர். தலைவர் சங்கரநயினார், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். சாம்பார், ரசத்துக்கு இசக்கிமுத்து. முன்பு மினி லாரி ஓட்டியவர் என்பதால் லைசென்சும் அவரிடம் உண்டு. சோறு வடிப்பது உலகநாதன். வடை, அப்பளம் என்று எண்ணெயில் விழுகிற சமாச்சாரம் எல்லாம் பேச்சிக்கண்ணு பொறுப்பு. அவர் தொண்ணூறு கிலோ. அதில் பாதி, வெந்ததா என்று பார்ப்பதற்காகத் தின்ற வடை.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இவர்களிடம், "நான் வந்து சொல்லுத வரைக்கும் சாம்பாரை இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மணமேடைக்குப் போனார். போனவர் மறந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவருக்கு அன்றைக்கு ஆயிரம் ஜோலி இருக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு இசக்கிமுத்து கேட்டார், "இறக்கிறலாமா மாஸ்டர்?"

"அவரு வந்து சொன்னாரா?"

"சொல்லலியே."

"பெறகு என்னடே கேள்வி?"

ஒரு மணிக்குப் பந்தி போட்டபோது சாம்பார் துவையலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது. தோசைத் திருப்பியால் வெட்டி இலைக்கு ஒரு துண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

மாஸ்டரிடம் ஒரு பெரிய அண்டா இருந்தது. ஐந்நூறு பேர் சாம்பார் பிடிக்கும். அது சும்மா கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் தன் எருமைக்குக் கழுநீர் வைத்தார். தினமும் காலையில் வாசலில் நின்று பல் தேய்க்கும்போது அந்த எருமை அண்டாவுக்குள் மூஞ்சியை விடுவதை மாஸ்டர் பார்ப்பார். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிடுவார். பாவம், நல்ல மனுஷன்.

இந்த நிலைமையில்தான் புலியூரணி ரைஸ்மில் பிரமநாயகம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். மகளுக்குக் கல்யாணம், ரெண்டாயிரம் இலை. அண்ணாச்சி சிக்கனத்துக்குப் பேர்போனவர். தீக்குச்சியை நெடுக்காக ரெண்டாகக் கிழித்து உரசுகிற ஆள். அவர் அப்போதுதான் புதிதாக ஒரு ஹைபிரிட் கார் பதிவு செய்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், செலவு குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இங்க பாருங்க," என்றார் அண்ணாச்சி. "பெட்ரோலைச் சிக்கனமா பொழங்குதவன்தான் என் வீட்டு நெய்யையும் சிக்கனமா பொழங்குவான். நாளைக்கு நாலு பேரும் சேந்து நெல்லைக்குப் போயி ஷோரூம்ல இருந்து வண்டிய எடுத்துட்டு வாங்க. நாப்பத்தொம்பது கிலோமீட்டர். வந்து நிக்கும்போது ஸ்கிரீன்ல லிட்டருக்கு இருபத்திரண்டுன்னு காட்டணும். காட்டுச்சுன்னா கல்யாணச் சமையல் உங்களுக்கு. இல்லன்னா வேற கோஷ்டிக்குச் சொல்லிருவேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எருமையிடமிருந்து அண்டாவை மீட்க இதைவிட்டால் வேறு வழியில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அண்ணாச்சி. "ஷோரூம்ல என்ன சொல்லுதாங்களோ அதை அப்படியே செய்யணும்."

இந்தக் கோஷ்டியிடம் யாரும் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை உண்டென்றால் அது இதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேரும் ஷோரூமில் நின்றார்கள். கையில் பெரிய இரும்புச் சட்டி, ஜல்லிக்கரண்டி, தேங்காய்த் துருவி, ஒரு குழவிக்கல். வெறுங்கையோடு வந்தால் சமையல்காரனுக்கு என்ன மரியாதை என்பது மாஸ்டரின் கொள்கை. கௌசல்யா என்ற பெண் வண்டியை விளக்கினாள்.

"சார், இதுல என்ஜினும் இருக்கு, பேட்டரி மோட்டாரும் இருக்கு. எப்ப எது ஓடணும்னு வண்டியே பாத்துக்கும்."

"ரெண்டு அடுப்பு," என்று மாஸ்டர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

"இந்தப் பட்டன் குரூஸ் கண்ட்ரோல். அறுபதுல வச்சுட்டுக் காலை எடுத்துடலாம். வண்டி அதே வேகத்துல போகும். காலால அமுக்கி அமுக்கி விடுறதுலதான் பெட்ரோல் வீணாகும். சமமான ரோட்டுல ஒரே சீராப் போனா மிச்சம்."

"சிம்முல வைக்கிறது."

கௌசல்யாவின் முகம் மலர்ந்தது. எத்தனையோ பேருக்கு இதை அவள் விளக்கியிருக்கிறாள். டாக்டர்களும் என்ஜினியர்களும் பேந்தப் பேந்த முழித்த விஷயத்தை இந்த மனுஷர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவள் உற்சாகமாக மேலே சொன்னாள்.

"கரெக்ட் சார்! ஆனா மேடு வந்தா அணைச்சிருங்க. வேகம் குறையக் கூடாதுன்னு வண்டி பெட்ரோலை அள்ளி ஊத்தும். அப்புறம், பிரேக் போட்டா அந்த சக்தி வீணாகாம கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். வண்டியில தேவையில்லாத கனம் வேண்டாம். அவ்வளவுதான்."

பேச்சிக்கண்ணு எல்லாவற்றையும் பலசரக்குச் சிட்டை எழுதுகிற மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்தத் தாளை நான் பின்னால் பார்த்திருக்கிறேன்.

வேகம் – 60
கால் – வேண்டாம்
மேடு – அணைக்கவும்
பிரேக் – தேவையான அளவு
கனம் – கூடாது

சட்டி சாமானோடு நாலு பேரும் ஏறிக்கொண்டதும் இசக்கிமுத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்திக் கியரைப் போட்டார். சத்தமே வரவில்லை.

"அடுப்பு பத்தலை மாஸ்டர்," என்றார் உலகநாதன்.

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு," என்றாள் கௌசல்யா.

எட்டிப் பார்த்தார்கள். ஷோரூம் சுவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் வேகிற சோற்றை உலகநாதன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் வேகத்தை அறுபதில் வைத்தார்கள். பேச்சிக்கண்ணு சிட்டையைப் பார்த்து, "கால் வேண்டாம்," என்று படித்தார். இசக்கிமுத்து ரெண்டு காலையும் எடுத்து சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்த மாதிரி சௌகரியமாக இருந்தது. ஸ்கிரீன் இருபத்துமூன்று காட்டியது.

"இருபத்துமூணு!" என்றார் மாஸ்டர். அண்டாவைப் புளி போட்டு எத்தனை தடவை தேய்த்தால் எருமை வாடை போகும் என்று அப்போதே மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஒரு ரயில்வே மேம்பாலம் வந்தது.

"மேடு," என்றார் பேச்சிக்கண்ணு. "அணைக்கவும்."

"எதை அணைக்கணும்? சிம்மையா, அடுப்பையா?" என்று இசக்கிமுத்து கேட்டார்.

மாஸ்டர் யோசித்தார். "அடுப்பை அணைக்காம சிம்மை மட்டும் எவன்டே அணைப்பான்?"

இது யாராலும் மறுக்க முடியாத நியாயம். பாதி மேட்டில் வண்டியையே அணைத்துவிட்டார்கள். வண்டி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

"மாஸ்டர், வந்த தூரம் திரும்பிப் போவுது!"

"போவட்டும். அப்பம் செலவான பெட்ரோலும் திரும்பி வரணும்லா? ஸ்கிரீனைப் பாரு."

ஸ்கிரீன் அணைந்திருந்ததால் பார்க்க முடியவில்லை. பேச்சிக்கண்ணு இறங்கி ஓடிச் சக்கரத்துக்கடியில் குழவிக்கல்லைப் போட்டார். பின்னால் வந்த பஸ் டிரைவர் அவர்கள் நாலு பேரின் பரம்பரையைப் பற்றியும் விரிவாகப் பேசினார். பாலத்தைக் கடந்தபோது எண் இருபத்திரண்டு.

"சரியா இருபத்திரண்டு," என்றார் மாஸ்டர். "இனி ஒண்ணு குறையக் கூடாது."

ஒரு கிலோமீட்டர் போனதும் ரோட்டில் ஆட்டு மந்தை. இசக்கிமுத்து சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தேடிப்பிடித்து பிரேக்கில் வைப்பதற்குள் ஆடுகளே விலகிப் போய்விட்டன. ஆனாலும் பிரேக் விழுந்தது. ஸ்கிரீனில் ஒரு பச்சை அம்புக்குறி பேட்டரியை நோக்கி ஓடியது.

நாலு பேரும் அந்த அம்பையே பார்த்தார்கள்.

"வண்டி சம்பாதிக்கி," என்றார் உலகநாதன், மெல்லிய குரலில்.

"ஒரு பிரேக்குக்கு இவ்வளவு வருதுன்னா நூறு பிரேக்குக்கு எவ்வளவு வரும்?" என்றார் பேச்சிக்கண்ணு.

"சிட்டையில என்ன போட்டிருக்கு?"

"தேவையான அளவு."

"நமக்கு எவ்வளவு தேவை?"

"நெறைய தேவை மாஸ்டர்."

அப்புறம் என்ன. ஒவ்வொரு கரண்டுக் கம்பத்துக்கும் ஒரு பிரேக். அறுபதுக்கு ஏற்றுவார்கள், கம்பம் வரும், நிறுத்துவார்கள், அம்பு ஓடும், "ஆகா" என்பார்கள், மறுபடி ஏற்றுவார்கள். நெல்லையிலிருந்து தென்காசி போகிற ரோட்டில் கம்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. பின்னால் வந்த மினி பஸ் கண்டக்டர் பக்கத்தில் வந்து, "யாருக்குவே வாந்தி?" என்று அக்கறையாக விசாரித்தார்.

எண் இருபத்தொன்றுக்கு வந்தது. பிறகு இருபது.

"குறையுதே மாஸ்டர்!" இசக்கிமுத்து பதறினார்.

"உப்புக் குறைஞ்சா என்ன செய்வோம்?"

"இன்னுங் கொஞ்சம் போடுவோம்."

"போடு."

கம்பத்துக்கு ஒன்று என்பது கம்பத்துக்கு ரெண்டானது. நாற்பது கிலோமீட்டர் முடிந்து பாவூர்சத்திரத்தில் ஓர் ஓரமாக நிறுத்தியபோது எண் பதினெட்டு. பேச்சிக்கண்ணு கதவைத் திறந்து, கண்டக்டர் கேட்ட சமாச்சாரத்தை நிறைவேற்றினார்.

மாஸ்டர் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அந்த எருமை மூஞ்சிதாம்டே கண்ணு முன்னால வருது," என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. மற்ற மூவருக்கும் அழுகை வந்தது. கௌசல்யாவுக்குப் போன் போட்டார்கள்.

நடந்ததை அவள் முதலிலிருந்து ரெண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள். "சார், பிரேக்குல திரும்பி வர்றது கொஞ்சந்தான். மறுபடி அறுபதுக்கு ஏத்தும்போது அதைவிடப் பல மடங்கு போயிடும். இனிமே பிரேக்கை விட்டுருங்க. குரூஸ்ல சீராப் போங்க. ஆமா... வண்டியில கனம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிட்டையில் கடைசி வரி. அதை யாருமே கவனிக்கவில்லை!

முதலில் சட்டி, கரண்டி, துருவி, குழவிக்கல் எல்லாவற்றையும் பக்கத்து டீக்கடையில் இறக்கினார்கள். ஸ்டெப்னி டயரையும் இறக்கினார்கள். நாலு சக்கரம் உழைக்கும்போது ஐந்தாவது ஒன்று மட்டும் படுத்துக்கொண்டே வருவது நியாயமில்லை என்று தீர்மானமானது. அடுத்து எல்லாருடைய பார்வையும் பேச்சிக்கண்ணு மேல் விழுந்தது.

"நான் வேணும்னா பஸ்ல வாரேன்," என்றார் அவர் தியாக உணர்ச்சியோடு.

"அண்ணாச்சி நாலு பேரும் சேந்து வரணும்னு சொல்லியிருக்காரு. சொன்னதை மீற முடியாது," என்றார் மாஸ்டர். "வேற என்ன கனம் இருக்கு?"

உலகநாதன்தான் கண்டுபிடித்தார். சோறு வடிக்கிறவருக்கு எப்போதும் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்கிற ஞாபகம் இருக்கும்.

"டாங்க் நெறைய பெட்ரோல் கெடக்கே மாஸ்டர்?"

எல்லாருக்கும் சிலிர்த்துவிட்டது. முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் இருக்கும். எண்ணெய் டின் தூக்கிப் பழகிய பேச்சிக்கண்ணு கண்ணை மூடி மனசுக்குள்ளேயே எடை போட்டுப் பார்த்து, அரை மூட்டை பல்லாரி வெங்காயம் தேறும் என்றார். அரை மூட்டை வெங்காயத்தை வெட்டியாகச் சுமந்துகொண்டா இவ்வளவு தூரம் வந்தோம்!

பக்கத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப். மெக்கானிக் பால்துரை சொல்லித்தான் எனக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி தெரியும்.

"பெட்ரோலை இறக்கிட்டா வண்டி எப்படி ஓடும்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"பெட்ரோல் செலவாவாம ஓடணும். அதாம் போட்டி," என்றார் மாஸ்டர்.

கேட்கும்போது பால்துரைக்கும் அது நியாயமாகத்தான் பட்டதாம். கேனை எடுத்துவந்து இறக்கிக்கொடுத்துவிட்டார்.

வண்டி பேட்டரியில் ஒரு கிலோமீட்டர் சத்தமில்லாமல் போனது. அப்புறம் சத்தமில்லாமலே நின்றது.

"இறங்குங்கடே," என்றார் மாஸ்டர்.

இசக்கிமுத்து ஸ்டியரிங்கில் இருக்க, மற்ற மூவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். எண் பதினெட்டிலிருந்து மெல்லப் பதினெட்டரைக்கு ஏறியது. தள்ளத் தள்ள ஏறியது! செலவு ஒரு சொட்டு இல்லை, தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது உலகத்தில் எல்லாரும் எதற்காக வண்டிக்குள் உட்கார்ந்து போகிறார்கள் என்று பேச்சிக்கண்ணுவுக்குப் புரியவே இல்லை.

"மாஸ்டர், குரூஸ் கண்ட்ரோல் பட்டனை அமுக்குதேன், புடிக்க மாட்டேங்கு," என்று உள்ளேயிருந்து இசக்கிமுத்து கத்தினார்.

"நாமதாம்டே குரூஸ்! வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே சீராத் தள்ளுங்க!"

ஒரே சீராகத் தள்ளினார்கள். வழியில் தாகம் எடுத்தபோதும் நிற்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் கூடவே நடந்து வந்து குடிக்கக் கொடுத்தார். மேடு வந்த இடத்தில் மட்டும் பெரிய விவாதம் நடந்தது. மேட்டில் குரூஸை அணைக்க வேண்டும். குரூஸ் என்பது மூன்று பேர். கடைசியில், மேட்டில் அவரவர் இஷ்டப்பட்ட வேகத்தில் தள்ளலாம் என்று முடிவானது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று எண் ஏறிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் ரைஸ்மில் கேட்டில் பிரமநாயகம் அண்ணாச்சி காத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டினார். "வாங்க, வாங்க! நிறுத்துங்க!"

"இன்னும் ஒரு புள்ளி அண்ணாச்சி!" என்று இசக்கிமுத்து கும்பிட்டுக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்.

மில்லின் நெற்களத்தைச் சுற்றினார்கள். காயப்போட்ட நெல்லின் மேலேயே ஒரு சுற்று, ரெண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இருபத்திரண்டு!" மூவரும் இருந்த இடத்திலேயே நெல்லில் சாய்ந்தார்கள்.

அண்ணாச்சி ஸ்கிரீனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருபத்திரண்டுதான்.

"டாங்க்ல எவ்வளவு மிச்சம்?"

"பூரா மிச்சம் அண்ணாச்சி. பாவூர்சத்திரத்துல இறக்கி வச்சிருக்கோம்," என்றார் மாஸ்டர், படுத்தபடியே.

இந்தப் பதிலைக் கேட்டு உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும் என்பது வேறு. அண்ணாச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்ரோலே இல்லாமல் காரைக் கொண்டுவந்தவர்கள் நெய்யே இல்லாமல் லட்டுப் பிடிப்பார்கள் என்று அவர் மனசு குளிர்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே தாம்பூலம் கொடுத்தார். மறுநாள் காலை மாஸ்டர் எருமையின் மூஞ்சியைத் தானே தன் கையால் அண்டாவிலிருந்து எடுத்துவிட்டு, அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து புளி போட்டு ஏழு தடவை தேய்த்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் கல்யாணமே அவருக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கல்யாண நாளும் வந்தது. சம்பந்தி வீட்டாருக்கு அந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. அது குறைந்துவிடக் கூடாதே என்று அதுவரை காருக்கு அவர் பெட்ரோலே போடவில்லை. மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். தள்ளிப் பழகியவர்கள் யார்? அண்ணாச்சி அடுப்படிக்கு வந்தார்.

"எல்லாரும் வாங்கப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாச்சு."

"சாம்பாரு அடுப்புல கெடக்கு அண்ணாச்சி. இறக்கி வச்சுட்டு வரட்டுமா?" என்றார் இசக்கிமுத்து.

"இப்பம் எதுக்கு? ஆறிப்போவும். சிம்முல வச்சுட்டு வாங்க. நான் சொல்லும்போது இறக்குனாப் போதும்."

படிக்கிற உங்களுக்கு இந்த இடத்தில் மனசு பதறும். எனக்கு இன்னும் கூடுதலாகப் பதறியது. நான் மண்டபத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை அழைப்பு அருமையாக நடந்தது. "என்ன வண்டி மாமா இது, சத்தமே இல்லையே!" என்று மாப்பிள்ளை வியந்தார். அண்ணாச்சி சம்பந்தியிடம் ஸ்கிரீனைக் காட்டிக் காட்டி, ஊரை ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றவைத்தார். எண் இருபத்துநாலு ஆனது. அந்தப் பூரிப்பில், தாலி கட்டி முடிந்து பந்தி போடுகிற வரைக்கும் சாம்பாரைப் பற்றி அவருக்கு ஞாபகமே வரவில்லை.

முதல் பந்தியில் பேச்சிக்கண்ணு தோசைத் திருப்பியோடு வந்து என் இலையில் ஒரு துண்டு வைத்தார். சதுரமாக, விளிம்பு கூர்மையாக இருந்தது. அதற்குள் ஒரு முருங்கைக்காய் தெரிந்தது. சம்பந்தி தன் இலையிலிருந்த துண்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

மாஸ்டர் அடுப்படி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்டா மறுபடி எருமைக்கே போய்விடும் என்று அவர் உதடு துடித்தது. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், வழக்கமான சாம்பாருன்னா லிட்டருக்கு எத்தனை இலை ஓடும்?"

"எட்டு இலை ஓடும் அண்ணாச்சி."

"இது?"

மாஸ்டர் திரும்பி அண்டாவைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மெல்ல அவர் முகம் நிமிர்ந்தது.

"இருபத்திரண்டு அண்ணாச்சி," என்றார். "மேடு இல்லாத பந்தியா இருந்தா இருபத்தஞ்சு வரும்."